பெயரை விழுங்கிய கெர்னல்

கரையான்சாவடி
2 பிப்ரவரி 2025

சபீனா,

புனேயில் குளிர் எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டேன். விட்டுவிட்டுப் போனவளுக்குக் குளிரட்டும்.

நீ போன பிறகு இந்த வீட்டில் என்னோடு வாய் ஓயாமல் பேசுவது நீ கட்டிக்கொடுத்த கெர்னல் ஒன்றுதான். முன்பெல்லாம் லேப்டாப்பைப் போட்டால் லாகின் வரும்வரை சத்தமே இருக்காது. நடுவில் ஏதாவது கோளாறு என்றால் கண் தெரிகிறவர்கள் திரையில் படித்துக்கொள்வார்கள், நான் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது பொத்தானை அமுக்கியதுமே பேச ஆரம்பித்துவிடுகிறது. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஓடுகிற பகுதி அதுதான், பேச்சையும் அதற்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டால் உனக்குக் கவலை இல்லை என்று என் ஹால் தரையில் உட்கார்ந்து நீ விளக்கினாயே, அது சரியாகத்தான் போயிற்று. நன்றி சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும், அதனால் சொல்லவில்லை.

ஆபீசில் இன்னும் டெலிபோன் மேஜைதான். சர்வர் டீமுக்குத் திரும்பவும் கேட்டிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கத் தேடினாலும், சொந்தத் தங்கையின் வேலைக்கு இப்படி உலை வைத்த அக்கா இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். "அவளுக்குக் கண்ணு தெரியாது சார், நைட் ஷிப்ட்டெல்லாம் வேணாம்" என்று மேனேஜருக்குப் போன் போட்டாளே. எனக்குத் தெரியாமல், என் நல்லதுக்காம். அப்பா அம்மா போன பிறகு ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து என் கையைப் பிடித்து அழைத்துவந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அந்தக் கையை விடவே மாட்டாளா?

சண்டை போட்டு நாலு மாதம் ஆகிறது. அவளுடைய போனையும் அத்தான் போனையும் பிளாக் பண்ணினேன், வாசப்படி மிதிக்காதே என்றேன், எல்லாம் உண்மை. ஆனால் மெயிலை நான் அடைக்கவில்லையே. ஒரு வரி போட்டாளா அந்த மகராசி? பாரிவாக்கம் என்ன, இங்கிருந்து கூப்பிடு தூரம்.

இன்னொன்று. இன்பாக்ஸில் விசித்திரமாகச் சில மெயில்கள் வருகின்றன. பெட்டி தேதியைச் சொல்கிறது, அப்புறம் மௌனம். அனுப்பியவர் பெயரும் கிடையாது, தலைப்பும் கிடையாது. வைரஸா? நான் திறக்கவில்லை.

கோமளா


புனே
4 பிப்ரவரி 2025

கோமு,

ஆபீசில் இருந்துகொண்டே அவசரமாக எழுதுகிறேன். பெயரும் தலைப்பும் இல்லாமல் வந்தால் நிச்சயம் குப்பைதான். திறக்காதே, அப்படியே அழித்துவிடு. சர்வர் டீமுக்குப் போக ஆசைப்படுகிறவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

இங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் சத்தம்கூட ஞாபகம் வருகிறது. என் வீட்டுக்காரர், "உன் கோமளாவுக்கே போன் பண்ணேன்" என்கிறார். போனில் நீ சண்டை போடுவாய், கடிதத்தில் கொஞ்சம் யோசித்துச் சண்டை போடுவாய், அதனால் இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீயே அகல்யா அக்காவுக்கு ஒரு மெயில் போடலாமே. யாராவது ஒருத்தர் முதலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சபீ


புனே
23 பிப்ரவரி 2025

கோமு,

எப்படி இருக்கிறாய்? ரொம்ப நாளாக எழுதவில்லை. வேலை. வேலை மட்டும் என்று சொல்ல முடியாது, சரி, விடு.

அந்த வெற்று மெயில்கள் இன்னும் வருகின்றனவா? எல்லாவற்றையும் அழித்துவிட்டாயா? ஒன்றாவது மிச்சம் இருந்தால் அழிக்காமல் வை. நான் முதலில் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது.

அப்புறம், கெர்னலில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. சில வரிகள்தான். இங்கிருந்தே உன் கம்ப்யூட்டருக்குள் வந்து கம்பைல் பண்ணிப் புதிதாகக் கட்டிவிடுகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், இரவு பெட்டியை அணைக்காமல் வைத்தால் போதும். என்றைக்கு என்று சொல்.

சபீ


கரையான்சாவடி
26 பிப்ரவரி 2025

சபீனா,

உனக்குக் கை அரிக்கிறதா? நன்றாக ஓடுகிற கெர்னலில் எதற்குச் சின்ன மாற்றம்? சர்வர் டீமுக்கு எனக்கு ஒரு டெஸ்ட் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை யாரும் என் பெட்டியில் கை வைக்கக் கூடாது. நீ உள்ளே வருகிற வழியையும் இன்று மூடிவிட்டேன். தப்பாக நினைக்காதே, ஆபீஸ் விதி.

அந்தக் குப்பை மெயில் எல்லாவற்றையும் நீ சொன்ன அன்றே அழித்துவிட்டேன். பிறகும் வந்தன, வர வர அழித்தேன். இப்போது பத்து நாளாக ஒன்றும் வரவில்லை. சனியன் விட்டது.

அவளுக்கு எழுது என்றாயே. எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் பெயரைப் போட வேண்டும், அதற்கே மனசு வரவில்லை. அவள் எழுதட்டும். அவள் ஒரு வரி எழுதினால் நான் பத்து வரி எழுதுவேன், இது சத்தியம். அவளிடம் நீ சொல்லிவைக்காதே.

கோமளா


கரையான்சாவடி
6 ஏப்ரல் 2025

சபீனா,

இன்று மதியம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் என்னால் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

கீழே இஸ்திரி போடுகிற எல்லம்மா தேய்த்த துணியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் இறங்கிப் போயிருந்தாள். நான் டெஸ்ட்டுக்காக ஒரு கோப்பைத் திறந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ உள்ளே வந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "யாரு?" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அது சாதாரண மூச்சு இல்லை. மூக்கிலிருந்து வரவில்லை, அதற்குக் கீழேயிருந்து ஒரு சின்ன விசிலோடு வந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"யாருன்னு கேக்குறேன்ல. வாய் இல்ல?"

இப்படித்தான் கேட்டேன், சபீனா. இந்த வார்த்தையைத்தான் கேட்டேன்.

வந்தவர் மேஜைக்கு வந்து என் கீபோர்டில் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வது எரிச்சல் என்று நான் நிறுத்தி வைத்திருப்பது உனக்குத் தெரியும், வரி முடிந்து என்டர் தட்டினால்தான் பேசும். தட்டினார். பெட்டி "நான்" என்றது. அதோடு நின்றுவிட்டது.

"நான்னா யாரு?"

மறுபடி நிறையத் தட்டினார். "நான்தான்" என்றது. அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் "நான்." யாரோ கண் தெரியாதவளிடம் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கைத்தடியை எடுத்து ஓங்கிவிட்டேன். எல்லம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் கீழேயிருந்து, "இன்னா கோமு கத்துற, உங்கக்காதான வந்துகீது? உங்கத்தான் கீய வண்டில குந்திகினு கீறாரு, மேல வரமாட்டாராம்" என்றாள்.

அப்போதுதான் என் தலையில் ஒரு விரல் பட்டது. நெற்றியிலிருந்து உச்சிவரை வகிடு எடுத்தது. பள்ளிக்கூட நாளில் தினமும் காலையில் எடுத்துவிடுவாளே, அந்த விரல்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டியாம், தட்டித் தட்டிச் சொன்னாள். குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை போட்டு அது வழியாகத்தான் மூச்சு விடுகிறாள். பிப்ரவரி பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இனி அவள் பேச மாட்டாள். வாசப்படி மிதிக்காதே என்றதால் வராமல் மெயில் போட்டிருக்கிறாள். தலைப்பு எழுதுகிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. அனுப்பிய மெயில்கள் அவளுடைய போனில் இருந்தன, ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினாள், பெட்டி படித்தது. "ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் வராதாம் கோமு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ போனை எடு. திட்டறதுன்னாலும் திட்டு, நான் பதில் சொல்ற மாதிரி இருக்கும்போதே திட்டு." இது பதினோராம் தேதி மெயில். நான் அழித்தது.

ஏன் அக்கா பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறது என்று அவள் முதலில் தட்டிய வரிக்குத் திரும்பிப் போய் அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். ஏ, கே, ஏ, எல், ஒய், ஏ. எல்லாம் சொன்னது. சேர்த்துப் படி என்றால் மௌனம். வேறு பெயர்களை அடித்தேன். கோமளா சொன்னது, அத்தான் பெயரான கௌதம் சொன்னது, எல்லம்மா சொன்னது. அகல்யா மட்டும் இல்லை. இது கோளாறு இல்லை. யாரோ உட்கார்ந்து செய்த வேலை. என் பெட்டியில் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான்.

உன் "சின்ன மாற்றம்" என்ன என்று இப்போது தெரிகிறது. பிப்ரவரியில் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் நலம் விசாரித்திருக்கிறாய்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன், இது சபீனா பண்ணின வேலை என்று. என் குரலாவது இருக்கிறதே, அதை வைத்து நன்றாகவே சொன்னேன்.

கோமளா


புனே
9 ஏப்ரல் 2025

கோமு,

பல தடவை எழுதி அழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் பாராவில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருந்தேன். இதில் அப்படி எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன்.

நான்தான் செய்தேன். நவம்பரில் உன் ஹாலில் கெர்னல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்த அன்று, உங்கள் சொந்தக்காரர் யாரோ அனுப்பிய கிரகப்பிரவேச அழைப்பைப் பெட்டி படித்தது. அதில் அக்காவின் பெயர் வந்தது. நீ ஹெட்போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாய். "அந்தப் பேரு இனிமே என் காதுல விழக் கூடாது" என்று சொன்னாய். மூன்று தடவை சொன்னாய். எங்கள் வேலையில் ஒருத்தர் வந்து இது வேண்டும், இது வேண்டாம் என்றால் அப்படியே எழுதிக்கொள்வோம். நானும் எழுதினேன். கெர்னலில் எழுத்துகள் பேச்சாகப் போகிற இடத்தில் சில வரிகள் சேர்த்தேன். அந்தப் பெயர் தமிழில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் தள்ளிவிட்டுப் போ என்று. அதற்கு "காதில் விழாதே" என்று பெயர்கூட வைத்தேன். மறுநாள் உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சொல்லவில்லை. நீ நிம்மதியாக இருந்தாய். அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்று எழுதினால் பாதி உண்மை. மீதி என்னவென்றால், அக்கா இல்லாத இடத்தில் நான் இருந்தேன். உன்னோடு கடைக்கு வருவதும், உனக்குப் புடவை நிறம் சொல்வதும், மாங்காடு கோயில் வாசலில் உன் செருப்பைப் பார்த்துக்கொள்வதும் எனக்கு வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அக்கா திரும்பி வர அவசரம் இல்லை என்று எனக்குள் ஒருத்தி நினைத்துக்கொண்டே இருந்தாள், கோமு.

பிப்ரவரியில் அகல்யா அக்காவுக்கு எழுது என்று உனக்கு அனுப்பினேன் அல்லவா, மறுநாள் பஸ்ஸில் போகும்போது உறைத்தது, அந்தப் பெயர் உனக்குக் கேட்டிருக்காதே என்று. அடுத்த நிமிடமே அந்த வெற்று மெயில்கள் ஞாபகம் வந்தன. இறங்கி உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. உனக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று வழி தேடினேன். இரண்டு வாரத்துக்கு மேல் தேடினேன். அந்த நாட்களில்தான் பதினெட்டாம் தேதி வந்துபோயிருக்கிறது. என்னைத் திட்டுவதானால் நவம்பருக்காகத் திட்டாதே, பிப்ரவரிக்காகத் திட்டு.

நீ சொன்னாய், நான் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். நீ கோபத்தில் சொன்னாய். நான் நிதானமாக எழுதினேன். இரண்டும் ஒன்றில்லை.

அந்த வரிகள் ஸ்பீக்அப் என்ற கோப்புறையில் இருக்கின்றன. "காதில் விழாதே" என்று தேடினால் வரும். எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் பண்ண வேண்டும். உனக்கே தெரியும், எப்போதும் தெரியும், நான்தான் உன்னைச் செய்ய விட்டதில்லை.

அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

சபீனா


கரையான்சாவடி
20 ஏப்ரல் 2025

சபீனா,

உன் கடிதம் வந்த அன்று நான் திறக்கவில்லை. தனியாகக் கேட்க விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவாள், நீ கெஞ்சுவதை அவளும் கேட்கட்டும் என்று வைத்திருந்தேன். அவள் வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் கூட்டினேன். எனக்கு அவ்வளவு ஆணவம்.

பெட்டி படித்தது. உன் வரிகளுக்கு நடுவே என் வரியையும் படித்தது. "அந்தப் பேரு இனிமே என் காதுல விழக் கூடாது." நான் அதை அவளிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன். பழியை முழுசாக உன் தலையில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். நீ தெரிந்தே என்னை மாட்டிவிடவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

கடிதம் முடிந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. முகம் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பேன்? பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். தொடவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மெயில் இல்லை. இந்தத் தடவை உன் கெர்னலைக் குறை சொல்ல முடியவில்லை.

டெஸ்ட்டுக்குப் போகவில்லை. போக மனசில்லை. லீவு போட்டுவிட்டு உன் வரிகளைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் ஒரு அடைப்புக்குறியையும் சேர்த்து எடுத்துவிட்டேன் போல, கம்பைல் பாதியில் நின்று பெட்டி பிழை பிழையாகப் படித்தது. திருத்தி மறுபடி ஓட்டினேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. எல்லாம் முடிந்து பொத்தானை அமுக்கினேன். தப்பாகக் கட்டியிருந்தால் சத்தமே வராது, என்ன தப்பு என்று சொல்லவும் ஆள் கிடையாது. பேசியது. பெயரை அடித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி "அகல், யா" என்றது. அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து அழுதேன். எல்லம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பாரிவாக்கம் போனேன். கதவைத் திறந்தது அத்தான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"இல்ல அத்தான். ஆட்டோக்காரருக்குத் தெரிஞ்சுது" என்றேன். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பார். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாண வீடியோவில் அவள் குரல் இருக்கிறதாம், போன வாரம் போட்டுப் பார்த்தாராம். நாதஸ்வர சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூச்சை வைத்து இப்போது தெரிந்துகொள்கிறேன். லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.

"நான்தான் சொன்னேன்க்கா. சபீனா எழுதினது நிஜம். உன்கிட்ட மறைச்சேன். அவ மேல பழியப் போட்டுட்டேன். மெயிலெல்லாம் அழிச்சதும் நான்தான்."

தெருவில் தண்ணி கேன் வண்டி போனது. நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். மேனேஜர் விஷயம் பெரிசே இல்லை என்றேன். அவள் கையைத் தேடினேன், மேஜை மேல் இல்லை. பயத்தில், பழக்கத்தில், வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்கூடப் பேச மாட்டியாக்கா?"

யாரிடம் என்ன கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிரில் மூச்சு ஒரு தடவை நின்று வந்தது. பிறகு கீபோர்டு சத்தம். மெதுவாக, யோசித்து யோசித்துத் தட்டினாள். என்டர் தட்டினாள். பெட்டி படித்தது.

"பேசிகிட்டேதான்டி இருந்தேன். நீதான் கேக்கல."

அந்தப் பெட்டிக்கு எல்லாம் ஒரே குரல்தான், சபீனா. பிழையையும் அப்படித்தான் படிக்கும், பாசத்தையும் அப்படித்தான் படிக்கும். முன்பு அவள் "டி" என்று சொன்னாலே அது திட்டா கொஞ்சலா என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்று தெரியவில்லை. இனிமேலும் தெரியாது.

கோமளா